குறுங்குழலும் ரவையும்

தமிழகத்து நண்பர்களுக்கு ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வரும். ஈழத்தில் எங்கள் தலைமுறைக்கு அச்சொல்லின் முதற்பொருள் வேறு. “ரி-56 ரகத் துப்பாக்கி ஒன்றும் 30 ரவைகளும் மீட்கப்பட்டன” என்ற வாக்கியத்தை எத்தனை முறை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. செய்தியில் துவக்குக்குப் பெயருண்டு. ரவைக்கு எண்ணிக்கை மட்டுமே. ஆனால் ஆயுத வரலாற்றைப் படிக்கும்போது, ரவைதான் துவக்கின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது தெரிகிறது.

கோதுக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குழல் நெடுகிலும் சன்னத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. நீண்ட குழலுக்கென அளந்த மருந்தைக் குறுகிய குழலில் எரித்தால், வாயு தன் வேலையை முடிப்பதற்குள் சன்னம் வெளியேறிவிடும். மிஞ்சிய அழுத்தம் குழல்வாயில் தீச்சுவாலையாகவும் செவிப்பறையைக் கிழிக்கும் ஓசையாகவும் வீணாகும்.

பிரித்தானியர் இதை அனுபவத்தில் கண்டார்கள். நம்மூர்ப் பொலிஸ்காரர் தோளில் நாம் பார்த்துப் பழகிய ‘திறீ நொட் திறீ’ லீ என்ஃபீல்டின் குழல் 64 சென்ரிமீற்றர். காட்டுப் போருக்கென 1944இல் அதனை ஏறக்குறைய 48 சென்ரிமீற்றராகக் குறைத்தார்கள். ரவையை மாற்றவில்லை. துவக்கு இலகுவானது, உதைப்போ கடுமையானது. சுவாலையை மறைக்கக் குழல்வாயில் புனல் போன்றதொரு மூடியையும், தோளைக் காக்கப் பிடியின் அடியில் றப்பரையும் பொருத்தவேண்டி வந்தது. குறி நிலைத்து நிற்கவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. 1947உடன் உற்பத்தி நின்றது.

ஜேர்மனியர் மறுபுறத்திலிருந்து தொடங்கினார்கள். தமது 57 மில்லிமீற்றர் நீளக் கோதை 33 ஆகக் குறுக்கினார்கள். சன்னத்தின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாயிற்று. 42 சென்ரிமீற்றர் குழலே அதற்குப் போதுமானதாயிற்று. சோவியத்தின் 39 மில்லிமீற்றர் ரவையும் அதே சிந்தனையில் 1943இல் பிறந்தது. அதற்கென அமைந்தது கலாஷ்னிகோவ். அதன் சீனப் பிரதிதான் எங்கள் செய்திகளில் வந்த ரி-56.

பொறியியலாளர் இதனை வினைத்திறன் என்பார்கள். மருந்து வீணாகவில்லை, உதைப்புக் குறைந்தது, சிப்பாய் கூடுதலான ரவைகளைச் சுமக்கலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய லீ என்ஃபீல்ட் முதிராத தோளைத் தள்ளி வீழ்த்தும். இந்த ரவை அப்படிச் செய்யாது. எங்கள் போரில் 15 வயதுப் பிள்ளைகளின் தோள்களிலும் ரி-56 பொருந்தியிருந்ததற்கு அரசியற் காரணங்கள் பல. அந்தச் சிறிய ரவையும் அதற்கு வழிவிட்டது என்பதை எந்தப் பொறியியல் நூலும் எழுதுவதில்லை.

விந்தை என்னவென்றால், கற்ற பாடத்தைச் சோவியத்தே பின்னர் ஒதுக்கிவைத்தது. ஏகே-74இன் 41 சென்ரிமீற்றர் குழலை, அதே ரவையுடன் 21 ஆக வெட்டினார்கள். செக்கனுக்கு 900 மீற்றர் சென்ற சன்னம் 735க்கு இறங்கியது. அமெரிக்கர் எம்-4இன் குறுங்குழலுக்கு ஏற்ப மருந்தைத் திருத்தி 2010இல் புதிய ரவையைக் களத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அங்கே முறைப்படி அங்கீகாரம் பெற்ற .300 பிளக்கவுட், 23 சென்ரிமீற்றர்க் குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து தீரும் மருந்தைக் கொண்டது. இன்று மேலங்கிக்குள் மறையும் துவக்குகளுக்கும் அதனைத் தெரிவு செய்கிறார்கள்.