சிரிக்கக் கூடாத நாட்டில் ஒத்திகை

மே மாதம் நெருங்கினால் கொல்கத்தா தெருக்களில் அட்டைப்பெட்டிக்குக் கிராக்கி. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, டி.வி. வந்த பெட்டி எல்லாம் 'பாடா' என்று வங்காளிகள் சொல்லும் பேட்டையின் கிளப்பில் வந்து குவியும். கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குழந்தைகள் கத்தரிக்கோலுடன் தரையில் உட்காருவார்கள். வங்க மாதமான வைசாகத்தின் 25-ம் தேதி தாகூர் பிறந்த நாள். பாடாவின் பிள்ளைகள் மேடையேற வேண்டிய நாள்.

அட்டைப்பெட்டிகளுக்கென்றே எழுதியது போன்ற நாடகம், 1933-ல் வெளிவந்த 'தாஷேர் தேஷ்'. அதாவது, சீட்டுகளின் நாடு. ஒரு ராஜகுமாரனும் வணிகன் மகனும் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கே மனிதர்கள் சீட்டுக்கட்டுகள். எழுவது, உட்காருவது எல்லாம் விதிப்படி. சிரிப்பது குற்றம். ராஜகுமாரன் அங்கே 'இச்சை' என்ற சொல்லைக் கொண்டுபோகிறான். கடைசியில் சீட்டுகள் மனிதர்களாகின்றன. இந்த நாடகத்தைத்தான் தாகூர் பின்னர் சுபாஷ் சந்திர போஸுக்குக் காணிக்கையாக்கினார்.

உடை எளிது. முன்னால் ஓர் அட்டை, பின்னால் ஓர் அட்டை, தோளில் நாடா. மைதா பசை தடவி வெள்ளைக் காகிதம் ஒட்டி, சிவப்பில் ஆர்ட்டினும் டைமனும், கறுப்பில் கிளாவரும் ஸ்பேடும் வரைய வேண்டும். பசை காய்வதற்குள் மாட்டினால் அட்டை வளைந்துவிடும். முழங்காலுக்குக் கீழே இறங்கினால் நடக்க வராது. ஆனால் விறைப்பாக நடக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அட்டையே பார்த்துக்கொள்ளும்.

தொல்லை பாட்டில்தான். ஹார்மோனியமும் தபலாவும் போதும் என்பார் பாட்டு சொல்லித்தரும் தீதி. சீட்டுகள் அணிவகுக்கும்போது பிஸ்கட் டின்னைத் தட்டலாமே என்பான் ஒரு பொடியன். ஸ்வரலிபியில் இல்லாததைச் சேர்ப்பதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. தாகூர் பாடல்களின் உரிமை 2001 முடியும்வரை விஸ்வபாரதியிடம் இருந்தது. இசைத்தட்டு வெளியிட அதன் இசைக்குழு சம்மதிக்க வேண்டும். வாத்தியங்கள் அதிகம் என்பது போன்ற ஆட்சேபங்களைச் சந்தித்த தேவவிரத பிஸ்வாஸ், மனம் நொந்து தாகூர் பாடல்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார்.

சட்டம் விலகிவிட்டது. பழக்கம் விலகவில்லை. விதிகளைக் கேலி செய்யும் நாடகத்துக்கு, "சிரிக்காதே, வரிசை கலைக்காதே" என்று அதட்டித்தான் ஒத்திகை நடக்கிறது. சீட்டுகளின் நாட்டைக் குழந்தைகள் சீக்கிரமே புரிந்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் கடைசிக் காட்சியை அதட்டி வரவழைக்க முடியாது. சீட்டு மனிதனாக வேண்டும். நாடா ஓர் இழுப்பில் அவிழ வேண்டும். அதற்காக உருவுசுருக்குப் போட்டிருப்பார்கள். அடுத்த வருஷத்துக்கு ஆகும், பத்திரமாகக் கழற்று என்று பக்கத்திலிருந்து ஒரு மாஷிமா கிசுகிசுப்பார். பிள்ளைகள் காதில் விழாது. அட்டைகள் பறக்கும், பிஸ்கட் டின் எங்கிருந்தோ முழங்கும், ஒத்திகையில் ஒருநாளும் சரியாக வராத சிரிப்பு தானாக வந்துவிடும்.

அடுத்த வருஷமும் யாராவது ஃபிரிட்ஜ் வாங்காமலா போய்விடுவார்கள்?