டர்னரின் முயல்

லண்டன் நேஷனல் கேலரியில் டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' ஓவியத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ரயில். மெய்டன்ஹெட்டில், தேம்ஸ் ஆற்றின்மேல் புரூனெல் கட்டிய செங்கல் பாலத்தில், கொட்டும் மழையில் எதிரே வருகிறது. அதற்கு முன்னால், தண்டவாளத்தில், ஒரு முயல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது எளிதில் தெரியாது.

முயலுக்குச் சாட்சி ஒரு சிறுவன். ராயல் அகாடமியில் கண்காட்சி திறக்கும் முன், சுவரில் மாட்டிய படங்களுக்கு வார்னிஷ் பூச ஓவியர்களுக்கு நாள் ஒதுக்குவார்கள். அந்த நாளில் வந்து பாதிப் படத்தையே வரைபவர் என்று டர்னருக்குப் பெயர். 1844இல் அவர் அப்படி வரைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன், ஓவியர் லெஸ்லியின் மகன் ஜார்ஜ். வயது ஒன்பது இருக்கும். யாரிடமும் லேசில் பேசாத டர்னர், அவனிடம் முயலைச் சுட்டிக்காட்டினாராம். பின்னாளில் தானும் ஓவியரான ஜார்ஜ், தலைப்பிலுள்ள 'வேகம்' ரயில் அல்ல, முயல்தான் என்று அடித்துச் சொன்னார்.

சொன்னது சரியென்றே படுகிறது. வலப்பக்கம் ஒருவர் ஏர் உழுகிறார், கீழே ஆற்றில் ஒரு படகு. இருவருக்கும் ரயிலால் அவசரம் ஒன்றுமில்லை. முயலுக்குத்தான் வேறு வழியில்லை. மெல்லிய பூச்சு என்பதால் இன்று அது மங்கியும் போய்விட்டது. 1859இல் பிராண்டர்ட் செதுக்கிய அச்சுப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஃபான் குவான் வரைந்த பட்டோவியத்தில் கதையே வேறு. இரண்டு மீட்டர் உயரப் படம் முழுக்க மலை; அடிவாரத்தில் எறும்பளவில் கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டும் ஆட்களும். ஓவியர் தன் கையெழுத்தைக்கூட இலைகளுக்குள் ஒளித்துவிட்டார். 1958இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்!

மோனே லண்டனுக்கு வந்தபோது மலையும் இல்லை, முயலும் இல்லை. சவாய் ஓட்டலில் தங்கி அவர் வரைந்தது தேம்ஸின் பனிப்புகையை. 1900 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கிறது; மனிதர் பதறிப்போனார். மெல்ல மெல்ல வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள், புகை திரும்பியது, அவருக்கும் உயிர் வந்தது. நிலக்கரிப் புகையே இயற்கைக் காட்சியாகிவிட்ட காலம் அது.

அந்தப் புகை 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது 1956இல், மோனே இறந்து 30 ஆண்டுகள் கழித்து.