மூச்சுக்கும் இடமுண்டு

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தவமியற்றி வாழ்ந்த மண் வடசென்னை. தொண்டியார் என்று மக்கள் அழைத்த அப்பெருமகனாராலேயே தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர். இறைநேசமும் பாட்டும் இணைந்து வளர்ந்த இவ்வூரில் பிறந்த எனக்கு, என் தந்தையாரின் பாடல்களை வீட்டிலேயே இசைத்தொகுப்பாக ஆக்கும் பேறு சென்ற ஆண்டு வாய்த்தது.

அத்தா துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். மீலாது மேடைகளில் தாமே இயற்றிப் பாடியவை ஏழு பாடல்கள். அவை ஏட்டிலும் இல்லை, ஒலிநாடாவிலும் இல்லை, அவர் நெஞ்சில் மட்டுமே இருந்தன. அகவை எழுபத்திரண்டு. மூச்சிரைப்போ ஆண்டுக்காண்டு மிகுந்து வருகிறது. துணி அலமாரிக்கும் தொங்கவிட்ட போர்வைக்கும் நடுவே ஓர் ஒலிவாங்கியை நிறுத்தி, நோன்புப் பெருநாளுக்குப் பின்வந்த இரவுகளில் பதிவுசெய்தேன். தப்ஸும் ஆர்மோனியமும் பின்னர்த் தனித்தனியே சேர்ந்தன. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளே என் பட்டறை.

தனித்தனியே பதிந்த ஒலிகளை ஒன்றுபடுத்துவது மிக்ஸிங். ஒன்றுபட்டதை வெளியீட்டுக்கு உரியதாகச் செம்மையாக்குவது மாஸ்டரிங். 1925-ஆம் ஆண்டளவில் மின்வழி ஒலிப்பதிவு வரும்வரை, கலக்கும் பணியைக் கால்களே செய்தன. பாடகர் பதிவுக் கொம்பின் அருகே நிற்பார். உரத்த வாத்தியக்காரர் எட்டி நிற்பார். யார் முன்நிற்பது, யார் விலகி நிற்பது என்னும் ஒழுங்கே அன்றும் இன்றும் கலவை.

அவ்வொழுங்கை நான் கணினியில் கற்றேன். கன்டெய்னர் லாரிகளின் உறுமல் எங்கள் இரவுகளில் ஓய்வதில்லை. 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குரற்பதிவிலிருந்து வடிகட்டியதும் அவ்வுறுமல் பெரிதும் அடங்கிற்று. ஆர்மோனியம் சொற்களை மறைத்தது. சொற்றெளிவு பெரிதும் தங்கியிருக்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஆர்மோனியத்தை மட்டும் 3 டெசிபெல் தணித்தேன். அதாவது அப்பகுதியில் அதன் ஆற்றலைப் பாதியாக்கினேன். அத்தாவின் வல்லினமும் மெல்லினமும் பிரிந்து ஒலித்தன. குரலை உயர்த்தாமலே குரல் உயர்ந்தது!

அண்டை வீட்டார் உறங்கும் வேளையில் மெல்லிய ஒலியில் கேட்டுத்தான் பணிசெய்ய வேண்டும். மெல்லக் கேட்கும்போது தாழ்ந்த ஒலிகள் செவிக்கு மேலும் குறைந்தே தோன்றும் என்பதை 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். எனவே தப்ஸின் அளவை இரவில் முடிவுசெய்யாமல், பகலில் உரத்த ஒலியிலும், கைப்பேசியிலும், நண்பரின் ஆட்டோவிலும் கேட்டே உறுதிசெய்தேன். இறுதியில் ஏழு பாடல்களையும் எல்யூஎஃப்எஸ் என்னும் உரப்பளவில் மைனஸ் 14-க்கு அருகே நிறுத்தினேன். அதனினும் உரக்க அமைத்தாலும், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் தாமே தணித்துவிடும். அங்கே கூச்சலுக்குத் தனிச்சிறப்பு இல்லை.

எஞ்சியது ஒரு வினா. அடிகளுக்கு இடையே அத்தா இழுத்துவிடும் மூச்சு தெளிவாகக் கேட்கிறது. நீக்கிவிட்டால் பாட்டு மெருகேறும் என்றனர் நண்பர். நீக்குவதும் எளிதே. ஆயினும் எழுத்தொலி அனைத்தும் உந்தியில் எழும் காற்றினின்றே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் கற்பிக்கிறதன்றோ? சுமை தூக்கிய மார்பின் மூச்சைத் துடைத்தெறிந்தால், எஞ்சும் குரல் யாருடையது? மிக உரத்த மூச்சுகளைச் சற்றே தணித்தேன், ஒன்றையும் நீக்கவில்லை. கேட்டு முடித்த அத்தா, “நான்தான் பாடுகிறேன்” என்று மட்டும் சொன்னார்.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லங்களிலும் ஏடேறாத பாடல்கள் இருக்கக்கூடும். தாலாட்டாகவோ, திருமண வாழ்த்தாகவோ, பெரியவர் ஒருவர் நாவில் அவை தங்கியிருக்கும். கருவி சிறிதென்று தயங்க வேண்டா. இன்றே கேளுங்கள், பதிவுசெய்யுங்கள், இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே.