ஆறாம் நம்பர் கவர்

பி.காம். படித்தவனுக்கு எதைக் காட்டினாலும் வவுச்சராகத்தான் தெரியும். நெட்வொர்க் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் ஒரு காகிதத்தில் இரண்டு படம் போட்டான். இன்டர்நெட்டில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் இருக்கும் 'ஹெடர்'. ஒன்று 1981-ல் வந்த ஐ.பி. நாலாம் பதிப்பு. அடுத்தது 1995-ல் விதிமுறை வெளியான ஆறாம் பதிப்பு. (ஐந்து எங்கே என்கிறீர்களா? அந்த நம்பரை வேறொரு சோதனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.)

பழசு குறைந்தது 20 பைட். புதுசு 40.

"விலைவாசி மாதிரி இதுவும் டபுளா?" என்றேன்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. அனுப்புறவர், பெறுபவர் விலாசத்துக்கே 32 பைட் போயிடுது. மத்த எல்லாத்துக்கும் சேர்த்து எட்டே பைட். பழசுல அதுக்குப் பன்னெண்டு."

கூட்டிப் பார்த்தேன். டாலி ஆனது.

பழசில் 'செக்சம்' என்று ஒரு கட்டம். நம்ம பேரேட்டின் பக்கக் கூட்டல் மாதிரி. பாக்கெட் வழிதவறிக் காலத்துக்கும் சுற்றாமலிருக்க, ஒவ்வொரு ரவுட்டரும் அதன் 'ஆயுள்' கட்டத்தில் ஒன்றைக் கழிக்கும். ஒரு எண் மாறினால் கூட்டலும் மாறுமே! பதினைந்து மேஜை தாண்டும் ஃபைலைப் பதினைந்து குமாஸ்தாவும் சரிபார்த்துத் திருத்தி எழுதுகிற கதை. புதுசில் செக்சமே கிடையாது. எனக்குப் பகீரென்றது. கீழே ஈதர்நெட் பார்க்கிறது, மேலே டி.சி.பி. பார்க்கிறது, நடுவில் எதற்கு மூன்றாவது ஆடிட்டர் என்று தூக்கிவிட்டார்களாம்.

அந்த ஆயுளைப் பழைய விதியில் விநாடியில் சொல்லியிருந்தார்கள். நடைமுறையில் தாண்டுகிற ரவுட்டரைத்தான் எண்ணினார்கள். புதுசில் பெயரையே 'ஹாப் லிமிட்' என்று மாற்றி, உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, விலாசத்துக்கு எதற்கு இத்தனை இடம்? பழைய கணக்கில் மொத்தமே சுமார் 430 கோடி விலாசம். மத்திய கையிருப்பு 2011 பிப்ரவரியில் காலி. அதனால் பல வீடுகளை ஒரே பொது விலாசத்தில் அடைக்கிறார்கள், ஸ்டோர் வீட்டுக் குடித்தனம் மாதிரி. இதில் மாட்டியது என் அம்மா. ஊரில் தனியாக இருக்கிறாள். கேமரா மாட்டினேன், சென்னையிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நுழைய வழியில்லை. "தனி விலாசத்துக்குத் தனி சார்ஜ் சார்" என்றார்கள் நெட் கம்பெனியில்.

தம்பி ரவுட்டரில் ஆறாம் பதிப்பைப் போட்டு, பெட்டிக்குச் சொந்த விலாசம் கொடுத்து, அந்த ஒரு வாசலை மட்டும் திறந்துவிட்டான். இப்போது ராத்திரி பத்து மணிக்கு அம்மா கொல்லைக் கதவைத் தாழ் போடுவதைப் பார்த்த பிறகுதான் படுக்கிறேன்.

"பார்த்தாப் போதுமாடா? நேர்ல வா" என்கிறாள். அதற்கு எந்தப் பதிப்பிலும் கட்டம் இல்லை.

ஒரே சங்கடம், பழசுக்கும் புதுசுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. என் செல்போன் ஆறு. நான் கணக்கு எழுதப் போகும் கடை இன்னும் நாலு; அங்கிருந்து அம்மா வீடு தெரியாது.

"அதான் நிறைய இடத்துல ரெண்டையுமே ஓட்டுறாங்க, அண்ணே" என்றான்.

எங்கள் தொழிலில் ரெண்டு செட் வைத்திருந்தால் ரெய்டு வரும்.