மலேசியாவுக்குப் போனால் எந்தக் கடற்கரை?

மலேசியா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரட்டைக் கோபுரமும் பத்துமலை முருகனும்தான். பேக்கேஜ் டூர் போய் வந்தவர்களின் ஆல்பத்தைப் புரட்டினால் அவை இரண்டும் இருக்கும், நடுவில் கெந்திங் மலை இருக்கும். தீபகற்பம் ஒன்றுக்குப் போய்விட்டுக் காலை நனைக்காமல் திரும்புவது அநியாயம் இல்லையா? அதிலும் மத்திகிரி, ஓசூர்க்காரர்களுக்குக் கடல் என்பதே தூரத்துச் சொந்தம். மெரினாவைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டும். பெங்களூரு விமான நிலையம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது! இந்தியர்களுக்கு 30 நாட்கள் வரை விசா வேண்டாம் என்ற சலுகையை 2023 டிசம்பரில் மலேசியா கொண்டுவந்தது. (டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

எங்கே போவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்று முடிவு செய்ய வேண்டும். சென்னைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையையும் அடிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கடல் கொந்தளிப்பு. தீவு விடுதிகள் பலவும் பூட்டிவிடும். எனவே பொங்கல் லீவில் போகிறவர்களுக்கு மேற்குக் கரையில் உள்ள லங்காவியும் பினாங்கும். பரீட்சை முடிந்து மே மாதம் போகிறவர்களுக்குக் கிழக்கே பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். இது தெரியாமல் மாற்றிப் போனால் பணம் தண்ணீரில்தான்.

கிழக்கில் ஒன்றே ஒன்று என்றால் பெர்ஹெந்தியான். கோலா பெசுட் என்ற சிற்றூரிலிருந்து படகு. மலாய் மொழியில் இந்தப் பெயருக்கு 'நிறுத்தம்' என்று பொருள். பாய்மரக் கப்பல் வணிகர்கள் நின்று போன இடமாம். ஆமைகளையும், ஆளைத் தொந்தரவு செய்யாத சிறு சுறாக்களையும் கரைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். பவளப்பாறையைத் தொடக்கூடாது, மிதிக்கக்கூடாது. அது கடல் பூங்கா. கிணற்றில் நீச்சல் பழகியவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வதில் கௌரவம் பார்க்க வேண்டாம். கிணற்றில் நீரோட்டம் கிடையாது.

லங்காவி எல்லாருக்கும் தெரிந்த பெயர். 1987 முதல் சுங்க வரி இல்லாத தீவு என்பதால் சாக்லேட் மூட்டையோடு திரும்புகிறவர்கள் அதிகம். செனாங் கடற்கரையில் கூட்டம் இருந்தாலும் அழகு குறையவில்லை. வீண்பழியால் கொல்லப்பட்டு, தீவையே ஏழு தலைமுறைக்குச் சபித்ததாகச் சொல்லப்படும் மசூரியின் கல்லறையும் இங்கேதான். கண்ணகி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

லங்காவி இருக்கும் மாநிலம் கெடா. அதாவது கடாரம்! 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன இடம். லங்காவியோடு திரும்பிவிடாமல் எதிர்க்கரைக்கும் போக வேண்டும். ஜெராய் மலை அங்கே கடலோரத்தில் எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில்களின் அடித்தளங்கள், ஓர் அருங்காட்சியகம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பந்தாய் மெர்டேகா என்ற அமைதியான கடற்கரை. இங்கிருந்த கோயில் இடிபாடுகளில் ஒன்று வீட்டுமனைக்காகத் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. மிச்சம் இருப்பதைப் பார்க்க ஆட்கள் வந்தால்தான் அதற்கும் ஒரு மதிப்பு வரும்.

பினாங்கில் பத்து ஃபெரிங்கி கடற்கரையைப் பிரமாதப்படுத்துவார்கள். உண்மையில் தண்ணீர் அவ்வளவு தெளிவு இல்லை. மாலை நேரத்துச் சந்தையும் சாப்பாடும்தான் விசேஷம். பினாங்கில் தமிழர்கள் பார்க்க வேண்டியது வேறு: ஜெரெஜாக் என்ற சின்னத் தீவு. ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களை நோய் பயத்தால் கரைக்கு விடாமல் நிறுத்தி வைத்த இடம் அது. திருச்சி, தஞ்சை, வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள்தான் ஏராளம். அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் ஓசூரும் மத்திகிரியும் இருந்தன. மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரம் போல வந்தவர்களுக்கு, மலாயாவின் முதல் கடற்கரை தடுப்பு முகாமின் கரைதான். உள்ளே விட்டால் வேலை, திருப்பி அனுப்பினால் கடன். அப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது.

அதே தீவு 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. 2000களில் அங்கே ஒரு ரிசார்ட் கூட நடந்தது!

டூர் கம்பெனிகளின் பட்டியலில் ஜெரெஜாக் இருக்காது. பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், தெற்கே காடு மூடிய மேடாகத் தெரியும். அதுதான்.