சித்தப்பாவும் ராஸ்புதினும்

எண்பதுகளில் எங்க செந்துறையில் போனி எம் என்றால் சித்தப்பாதான். கேசட்டில் 'ராஸ்புதின்' ஓடினால் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு ஆடுவார், குழுவின் ஒரே ஆம்பளை பாபி ஃபாரெல் மாதிரியே. இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது, தாளம் போதும்.

1978-ல் வந்த பாட்டுங்க! 2021-ல் திருச்சூர் மருத்துவக் கல்லூரிப் பசங்க ரெண்டு பேர் அதுக்கு ஆடின வீடியோவைக் காட்டி, "புதுப் பாட்டுப்பா" என்கிறாள் என் பொண்ணு.

அந்த ரெக்கார்டுகளில் கேட்கிற கட்டைக் குரல் பாபியுடையது இல்லை, தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபேரியனுடையது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். (எல்லாம் இந்த இன்டர்நெட் பண்ற வேலை!)

"இருக்கட்டும்டா, ஆடினது அவன்தானே? இப்பவும் ஆடறானா?"

பாபி 2010 டிசம்பர் 30-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல மனசு வரலை. நிஜ ராஸ்புதினும் 1916-ல் அதே ஊர், அதே தேதிதாங்க.