கோளாறு ஃபைலில் இல்லை

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை துறையின் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள், மாலை 5 மணி வரை நேரம். வகுப்பில் எல்லோருடையதும் போய்விட்டது. ஒரு மாணவியுடையது மட்டும் போகவில்லை.

பட்டனை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்கிறது பிரவுசர். ஹாஸ்டல் வைஃபையில் பார்த்தாள், தோழியின் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். அதே கதைதான். தளத்தைக் கவனித்துக்கொள்ளும் வகுப்புத் தோழனிடம் போனாள்.

"எனக்கு மட்டும் ஏன்டா போகல?"

"மத்த எல்லாருக்கும் போகுதே. உன் ஃபைல்லதான் ஏதோ கோளாறு."

அவளும் நம்பினாள். ரிப்போர்ட்டில் இருந்த சர்க்யூட் படங்களைச் சுருக்கினாள். 9 எம்பி 3 எம்பி ஆனது. படத்தில் இருந்த எண்கள் மங்கிப்போய் 3 எது 8 எது என்றே தெரியவில்லை. மதிப்பெண்ணே அந்தப் படங்களுக்குத்தான். அப்படியும் ஃபைல் போகவில்லை!

அப்போதுதான் அவன் சர்வரின் எர்ரர் லாகைத் திறந்தான். அவள் முயன்ற ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு வரி இருந்தது: அனுப்ப வந்தது அளவுக்கு மிஞ்சியது என்று, பைட் கணக்கோடு. போய்ச் சேர்ந்த மற்றவர்களின் ஃபைல்கள் எல்லாமே 1 எம்பிக்கும் குறைவு. "பழைய பெரிய ஃபைலையே கொடு" என்றான்.

ஒரு ஃபைல் உள்ளே போக மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். முதல் வாசல் என்ஜின்எக்ஸ். அதில் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் என்ற அமைப்பு உண்டு. யாரும் தொடாவிட்டால் அதன் அளவு 1 எம்பிதான். மீறினால் 413 என்ற பிழையைத் தந்து இணைப்பை மூடிவிடும். பல நேரம் அந்த 413 பிரவுசரில் சரியாகத் தெரியாது. பார்ப்பவர் நெட்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அவன் அதை 25 எம்பி ஆக்கினான்.

இப்போது வேறு கூத்து. பெயர், பதிவு எண் எல்லாம் நிரப்பி அனுப்பினால், "பெயரை நிரப்பவும்" என்றது பக்கம். இது இரண்டாம் வாசல், பிஎச்பியின் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ். இதன் வழக்கமான அளவு 8 எம்பி. மீறினால் பிஎச்பி ஃபைலோடு சேர்த்து படிவத்தில் நிரப்பிய எல்லாவற்றையும் காலியாகவே நிரலிடம் கொடுக்கும். அதையும் உயர்த்தினான். மூன்றாவது அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், வழக்கமாக 2 எம்பி. அதையும் மாற்றினான்.

ஒன்றும் மாறவில்லை. அவன் திருத்தியது கமாண்ட் லைனுக்கான பிஎச்பி.ஐஎன்ஐ. வலைத்தளம் படிப்பது வேறொன்று. எது படிக்கப்படுகிறது என்பதை பிஎச்பிஇன்ஃபோ பக்கம் காட்டிக்கொடுத்தது. சரியான கோப்பைத் திருத்தி பிஎச்பியை மறுபடி துவக்கினான். இப்போது சின்ன ஃபைல்கூடப் போகவில்லை! அவசரத்தில் 20 என்று போட்டு பக்கத்தில் 'எம்பி' என்று எழுதியிருந்தான். பிஎச்பிக்கு 'எம்' என்ற ஒற்றை எழுத்துதான் புரியும். 'எம்பி' என்று எழுதினால் 20 பைட் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு எழுத்தை அழித்தான். 4.40க்கு அந்த 9 எம்பி ஃபைல், தெளிவான படங்களோடு போய்ச் சேர்ந்தது.

இதில் கற்றுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வெளி வாசலின் அளவு உள் வாசலைவிடச் சற்று பெரிதாக இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் 25 என்றால் போஸ்ட் 22, ஃபைல் 20 என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஃபைலோடு படிவத்தின் மற்ற விவரங்களும் சேர்ந்தே வருவதால் போஸ்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தேவை. இன்னொன்று, அனுமதிக்கும் அளவைப் பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அன்று மாலையே அவன் எழுதினான்: "அதிகபட்சம் 20 எம்பி."

சர்வர் மௌனமாக மறுத்தால் பழி அனுப்பியவர் தலையில்தான் விழும். இனி யாராவது "எனக்கு மட்டும் போகல" என்று வந்தால், "உன் ஃபைல்ல கோளாறு" என்று சொல்லும் முன் "எத்தனை எம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். லாகைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.